மெய்நிகர் கணிப்பொறியின் பல்லாங்குழி

ஒரே வீட்டில் பத்துக் குடித்தனங்கள் இருந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிணறு ஒன்று, வாசல் ஒன்று, கொல்லைப்புறம் ஒன்று. ஒவ்வொரு குடும்பமும் ஓர் அறையில் தன் பாட்டுக்குச் சமைத்துச் சாப்பிட்டு வாழும். யார் எப்போது நீர் இறைக்கலாம், வாசற்கதவை எத்தனை மணிக்குச் சாத்துவது என்பதையெல்லாம் வீட்டுக்காரர் முடிவு செய்வார். கணிப்பொறி உலகிலும் இப்படி ஓர் ஒண்டுக் குடித்தனம் 1960களிலிருந்து நடந்து வருகிறது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே குடியிருக்கும் ஒவ்வொருவரும் முழு வீடும் தமக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்!

இப்படிப்பட்ட குடித்தனத்திற்குத்தான் மெய்நிகர் கணிப்பொறி என்று பெயர். உண்மையில் இருப்பது ஒரே ஓர் இரும்புப் பெட்டி. அதன்மேல் ஒரு மேற்பார்வை நிரல் அமர்ந்துகொண்டு, செயலியின் நேரத்தையும் நினைவகத்தின் இடத்தையும் பங்கு போட்டுப் பல கணிப்பொறிகள் இருப்பதுபோன்ற தோற்றத்தை உண்டாக்குகிறது. மேற்பார்வை நிரல்தான் நமது வீட்டுக்காரர். ஒவ்வொரு பங்கிலும் ஓடும் இயக்கமுறை குடித்தனக்காரர்.

அறைக்குள்ளேயே முடிகிற வேலையில் தொல்லை இல்லை. கூட்டலும் பெருக்கலும் நேராகச் செயலியிலேயே நடந்துவிடும். ஆனால் வட்டில் எழுதவேண்டும், வேறொரு கணிப்பொறிக்குச் செய்தி அனுப்பவேண்டும் என்றால் வாசலைத் தாண்டியாகவேண்டும். வாசலின் சாவியோ வீட்டுக்காரரிடம். ஒவ்வொரு கடிதத்திற்கும் அவர் கதவைத் தட்டி எழுப்புவதா? இந்தக் கேள்விக்கு நல்ல விடை கிடைக்க ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆயின. விடை மிகவும் எளிமையானது: இருவருக்கும் பொதுவான திண்ணையில் வட்டமாகச் சில குழிகள். அந்தக் குழிகளில் பின்னாளில் திருட்டுக்கும் வழி இருந்தது தெரியவந்தது.

முதல் குடித்தனம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்னும் ஊரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியல் மையம் ஒன்று இருந்தது. ராபர்ட் க்ரீஸி தலைமையில் ஒரு சிறு குழு அங்கே சிஸ்டம்/360 மாடல் 40 என்ற கணிப்பொறிக்காக சி.பி.-40 என்ற மேற்பார்வை நிரலை எழுதியது. 1967 ஜனவரியில் அது அன்றாடப் பயனுக்கு வந்தது. 14 மெய்நிகர் கணிப்பொறிகள் வரை அதில் ஓடலாம்; ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம் இருப்பதாகத் தோற்றம். அதன் வழிவந்த வி.எம்./370 என்பதை ஐ.பி.எம். 1972 ஆகஸ்டில் உலகிற்கு அறிவித்தது.

க்ரீஸி குழுவின் வழி நேர்மையானது. குடித்தனக்காரரிடம் எதையும் சொல்லாதே. அவர் வழக்கம்போல் வட்டுக்கு ஆணையிடட்டும். அந்த ஆணை தனியுரிமை ஆணை என்பதால் செயலி அதைத் தடுத்து நிறுத்தி, கட்டுப்பாட்டை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிடும். அவர் ஆணையைப் படித்து, அதிலுள்ள பொய்யான முகவரிகளை உண்மையான நினைவக முகவரிகளாக மாற்றி, தானே ஒரு பிரதி எழுதி, நிஜ வட்டுக்கு அனுப்பிவைப்பார். குடித்தனக்காரருக்கு நடுவில் ஒருவர் புகுந்ததே தெரியாது.

ஏமாற்று கச்சிதமாக இருந்தது. செலவுதான் கட்டுப்படியாகவில்லை. ஆகவே விரைவிலேயே ஒரு குறுக்குவழி பிறந்தது. அந்தக் கணிப்பொறியில் டயக்னோஸ் என்றோர் ஆணை உண்டு. எந்திரத்தின் பழுதைக் கண்டறிவதற்காக ஒதுக்கப்பட்ட அதைச் சாதாரண நிரல்கள் தொடமாட்டா. குடித்தனக்காரர் அதைச் சொன்னால், "வீட்டுக்காரரே, நீங்கள் இருப்பது எனக்குத் தெரியும், இந்த வேலையை நேராக முடித்துக்கொடுங்கள்" என்று பொருள் வைத்துக்கொண்டார்கள். சி.எம்.எஸ். என்ற சிறிய இயக்கமுறை வட்டு வேலைகளுக்கு இந்த ஆணையையே நம்பத் தொடங்கியது. வி.எம்./370 காலத்தில் அதனால் வெறும் எந்திரத்தில் தனியாக ஓடவே முடியாமற்போயிற்று. தனிவீட்டில் வாழ மறந்த குடித்தனம்! உண்மையை ஒப்புக்கொண்டால் செலவு குறையும் என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முறை கதவைத் தட்டவேண்டிய நிலை மாறவில்லை.

உலகம் மாறும் செலவு

1980களில் மலிவான சிறு கணிப்பொறிகள் மேசைதோறும் வந்தன. ஆளுக்கொரு வீடு கிடைத்தபின் ஒண்டுக் குடித்தனம் யாருக்கு வேண்டும்? அந்தக் கலை பெரிய ஐ.பி.எம். எந்திரங்களோடு ஒதுங்கிக்கொண்டது. 1990களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அதற்கு மறுபிறவி. அங்கே நடந்த டிஸ்கோ என்ற ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1998இல் வி.எம்.வேர் நிறுவனம் தோன்றி, மறு ஆண்டே சாதாரண மேசைக் கணிப்பொறியில் இன்னொரு கணிப்பொறியை ஓட்டிக் காட்டியது.

வெளியுலகத் தொடர்புக்கு அந்நிறுவனம் தேர்ந்தெடுத்த வழி வேடமிடுவது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் லான்ஸ் என்ற வலையமைப்புச் சில்லு 1980களிலிருந்தே பெயர் பெற்றது; எல்லா இயக்கமுறைகளுக்கும் அதனோடு பேசத் தெரியும். ஆகவே குடித்தனக்காரர் முன்னால் ஒரு போலி லான்ஸை நிறுத்தினார்கள். அதன் கதவெண்களைத் தொடும் ஒவ்வொரு ஆணையும் தடுக்கப்பட்டு வீட்டுக்காரரிடம் போகும். ஒரேயொரு செய்திப் பொதியை அனுப்பவே அந்தச் சில்லைப் பல முறை தொடவேண்டியிருந்தது. அப்போதெல்லாம் செயலியின் மொத்த நிலையையும் எடுத்து வைத்துவிட்டு இன்னொன்றின் நிலையை ஏற்றவும் நேர்ந்தது. இதற்கு அந்தப் பொறியாளர்கள் வைத்த பெயர் 'உலக மாற்றம்'. பெயரே செலவைச் சொல்கிறது அல்லவா? 2001இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் தங்கள் வைத்தியத்தையும் எழுதினார்கள். விளைவில்லாத தொடுகைகளை அங்கேயே முடித்துவிடு. பல பொதிகள் சேர்ந்தபின் ஒரே தடவையில் உலகம் மாறு. சில செய்திகளைப் பொது நினைவகத்தில் ஒரு குறியாக இட்டுவிடு.

இதில் ஒரு முரண் உண்டு. உண்மையான லான்ஸ் சில்லே வளையத்தால் ஆனது. நினைவகத்தில் வட்டமாக அடுக்கிய குறிப்புகளை அது தானாகவே வந்து எடுத்துக்கொள்ளும். வளையம் கண்ணெதிரே இருந்தது. அதைச் சுற்றியிருந்த வேடத்தைக் கலைக்கவேண்டியதுதான் பாக்கி.

இன்னொரு கேம்பிரிட்ஜ்

வேடத்தைக் கலைத்தவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்தவர்கள். கீர் ஃப்ரேசர், ஸ்டீவன் ஹேண்ட், இயான் ப்ராட் உள்ளிட்ட ஒன்பது பேர் 2003 அக்டோபரில் ஒரு கட்டுரையை அரங்கேற்றினார்கள். அவர்கள் படைத்த மேற்பார்வை நிரலின் பெயர் ஸென். குடித்தனக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்பது அவர்களுடைய கொள்கை. "ஐயா, இது முழு வீடு அல்ல. நிஜ வட்டும் உமக்கில்லை. அதற்குப் பதில் இதோ இந்தத் திண்ணையில் வட்டமாகக் குழிகள் இருக்கின்றன. வேண்டியதைச் சீட்டில் எழுதிக் குழியில் போடும்."

நீங்கள் பல்லாங்குழி ஆடியிருப்பீர்கள். இரண்டு வரிசைகளில் ஏழேழு குழிகள். சோழியை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனால் கடைசிக் குழிக்கு அடுத்தது மீண்டும் முதற்குழி. ஸென் வளையமும் அப்படித்தான். நினைவகத்தில் 4096 பைட் கொண்ட ஒரு பக்கம் இருவருக்கும் பொதுவாக விடப்படுகிறது. குடித்தனக்காரர் சீட்டுகளை வரிசையாகப் போட்டுக்கொண்டு போகிறார். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து எடுத்துக்கொண்டு, எடுத்த குழியிலேயே பதிற்சீட்டைப் போடுகிறார். குடித்தனக்காரர் மூன்றாவதாக வந்து பதிலை எடுத்துக் குழியைக் காலி செய்கிறார். இப்படி வட்டம் ஓயாமல் சுழல்கிறது. சீட்டில் சரக்கு இருக்காது. சரக்கு அறைக்குள் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண் உண்டு. அதே எண் பதிலிலும் வரும். ஆகவே வீட்டுக்காரர் தமக்கு வசதியான வரிசையில் வேலையை முடிக்கலாம். வட்டின் முள் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஏழாவது வேலையை முதலில் முடித்தாலும் குழப்பம் இல்லை.

இருவர் ஒரே பொருளைத் தொட்டால் சண்டை வராதா? வராது, ஏனெனில் ஒரே கணக்கை இருவரும் எழுதுவதில்லை. இதுவரை போட்ட சீட்டுகள் எத்தனை என்பதைக் குடித்தனக்காரர் மட்டுமே எழுதுவார். போட்ட பதில்கள் எத்தனை என்பதை வீட்டுக்காரர் மட்டுமே எழுதுவார். இவ்விரண்டும் திண்ணையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கும். எத்தனை எடுத்தோம் என்ற கணக்கை அவரவர் மடியில் வைத்துக்கொள்வார்கள். பூட்டும் வேண்டாம், சாவியும் வேண்டாம். வரம்புள்ள இடைக்கிடங்கில் ஒருவர் நிரப்ப, மற்றவர் எடுக்கும் சிக்கலை டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஸென் குழுவினர் அந்தப் பழைய சரக்கை இரண்டு கணிப்பொறிகளுக்கு நடுவிலிருந்த சுவரில் பதித்தார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டு வேலைக்கான ஒரு சீட்டின் அளவு, 64 பிட் எந்திரங்களில், 112 பைட். பக்கத்தின் தலைப்புக்கு 64 பைட் போனால் மிச்சம் 4032. அதை 112ஆல் வகுத்தால் மிகச் சரியாக 36 குழிகள் வரும். ஆனால் ஸென் வளையத்தில் இருப்பவை 32 குழிகள்தாம். நான்கு குழிகளுக்கான இடத்தை ஏன் வீணாக்கினார்கள்?

எண்ணிக்கை எழுதும் முறையில் விடை இருக்கிறது. கணக்கு எண் குழியோடு சேர்ந்து பூஜ்யத்திற்குத் திரும்புவதில்லை. 32, 33, 34 என்று ஏறிக்கொண்டே போகும். எந்தக் குழி என்று அறிய அதை 32ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும். இதனால் பெரிய வசதி ஒன்று கிடைக்கிறது. போட்டது 40, எடுத்தது 40 என்றால் வளையம் காலி. போட்டது 72, எடுத்தது 40 என்றால் வித்தியாசம் 32; வளையம் நிறைந்துவிட்டது. குழி எண்ணை மட்டும் எழுதினால் இரண்டு நிலையிலும் இருவரும் 8ஆம் எண்ணில்தான் நிற்பார்கள். காலியா நிறைவா என்று சொல்ல இயலாது.

ஆனால் கணக்கு எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. 32 பிட் எண் சுமார் 429 கோடியை எட்டியதும், ஸ்கூட்டரின் கிலோமீட்டர் எண் போலப் பூஜ்யத்திற்குத் திரும்பிவிடும். அப்போது குழி வரிசை அறுபடக்கூடாது. 00 முதல் 99 வரை ஓடும் ஓர் எண்ணையும் ஏழு குழிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். 99ஐ ஏழால் வகுத்தால் மீதி 1. அடுத்து வரவேண்டியது இரண்டாம் குழி. ஆனால் எண் 00 ஆகிவிட்டதால் பூஜ்யக் குழிக்குப் பின்வாங்கிவிடுவோம். குழிகள் பத்தாக இருந்தால் இந்தத் தொல்லை வராது. நூறு பத்தால் மீதியின்றி வகுபடும். கணிப்பொறியின் எண்கள் இரண்டின் அடுக்குகளில் திரும்புவதால் குழிகளும் இரண்டின் அடுக்காகவே இருக்கவேண்டும். 36க்குக் கீழே உள்ள மிகப் பெரிய அடுக்கு 32. நான்கு குழிகளைக் கொடுத்து நிம்மதியை வாங்கினார்கள்!

மணியடிக்கும் இங்கிதம்

சீட்டைப் போட்டாயிற்று. வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? மணியடிக்கவேண்டும். ஆனால் மணியடிப்பதும் ஒரு உலக மாற்றந்தான். இன்டெல் நிறுவனம் 2005இல் மெய்நிகர் கணிப்பொறிகளுக்கென்றே செயலியில் வசதி செய்து கொடுத்தபோதுகூட, ஒரு முறை எல்லை தாண்ட ஆயிரக்கணக்கான துடிப்புகள் செலவாயின. ஆகவே ஸென் குழுவினர் சீட்டையும் மணியையும் பிரித்தார்கள். பத்துச் சீட்டு போட்டுவிட்டு ஒரு மணி அடிக்கலாம். வீட்டுக்காரர் ஏற்கெனவே திண்ணையில் நின்றுகொண்டிருந்தால் அடிக்கவே வேண்டாம். அவர் உள்ளே போகும்போது, "சீட்டுக் கணக்கு 51 ஆனதும் எழுப்பு" என்று எழுதி வைத்துவிட்டுப் போவார்.

இதில் ஒரு நுட்பமான கண்ணி இருக்கிறது. வீட்டுக்காரர் குழிகளைப் பார்க்கிறார், காலி. எழுப்பச் சொல்லிக் குறிப்பு எழுதப் போகிறார். அந்த நொடியின் இடைவெளியில் குடித்தனக்காரர் 51ஆம் சீட்டைப் போட்டுவிட்டுக் குறிப்பைப் பார்க்கிறார். குறிப்பு இன்னும் இல்லை. எனவே மணியடிக்காமல் போய்விடுகிறார். பிறகு வீட்டுக்காரர் குறிப்பை எழுதிவிட்டுத் தூங்குகிறார். இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பார்கள். குழியில் சீட்டு கிடக்கும், கணிப்பொறி உறைந்து நிற்கும். பரிகாரம் ஒரு வரியில் முடிந்துவிடும்: குறிப்பை எழுதிய பிறகு, படுக்கப் போகுமுன், இன்னொரு தடவை குழிகளைப் பார். ஸென் நிரலில் இதற்கென்றே 'கடைசிச் சோதனை' என்று ஒரு பகுதி உண்டு. அந்த இடத்தில் செயலியையும் முழுவதும் நம்பமுடியாது. வேகத்திற்காக அது எழுதுவதைத் தள்ளிவைத்துவிட்டுப் படிப்பதை முன்னால் செய்யக்கூடும். அதனால் இரண்டுக்கும் நடுவே, முன்னதை முடித்தாலொழியப் பின்னதைத் தொடாதே என்று தடை ஆணை ஒன்றையும் வைத்திருக்கிறார்கள்.

திண்ணைக்குத் தரக்கட்டுப்பாடு

ஸென் வளையம் பரவியது. ஆனால் வீட்டுக்கு வீடு திண்ணை வேறுபட்டது. கே.வி.எம். என்ற புதிய மேற்பார்வை முறை 2007இல் லினக்ஸுக்குள் சேர்ந்தபோது இன்னும் ஒரு திண்ணை தேவைப்பட்டது. ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸல், ஆளுக்கொரு விதமாகக் கட்டியது போதும் என்று எல்லோருக்கும் பொதுவான விர்ட்-ஐ.ஓ. முறையை வகுத்தார். 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24இல் அது இடம்பெற்றது. அவர் திண்ணையை மூன்றாகப் பிரித்தார்: சரக்கு இருக்குமிடத்தைச் சொல்லும் அட்டவணை, 'தயார்' என்ற வளையம், 'முடிந்தது' என்ற வளையம். முதலிரண்டில் குடித்தனக்காரர் மட்டும் எழுதுவார். மூன்றாவதில் வீட்டுக்காரர் மட்டும். எழுதும் பக்கங்கள் கலக்காததால் செயலிகளுக்குள் இழுபறியும் குறைகிறது. 2016இல் இது முறையான தரநிலையாயிற்று.

வேடமிடுவதைக் கைவிட்டதில் இன்னொரு நன்மையும் உண்டு. க்யூ.ஈ.எம்.யூ. என்ற நிரல் பழைய நெகிழ்வட்டுக் கட்டுப்படுத்தியின் வேடத்தையும் போட்டுக்கொண்டிருந்தது. யாரும் பயன்படுத்தாத அந்த வேடத்தில் 2004 முதல் ஒளிந்திருந்த பிழை ஒன்று 2015 மே மாதத்தில் வெளியாயிற்று. அதன்வழி ஒரு குடித்தனக்காரர் சுவரை உடைத்து வெளியேற முடியும் என்று தெரிந்தபோது உலகமே பதறியது.

இரண்டு முறை பார்த்த வினை

ஆனால் வளையத்தை மட்டும் நம்பி நிம்மதியாக இருந்துவிட முடிந்ததா? அதே 2015இன் டிசம்பரில் ஸென் திட்டத்தினர் 155ஆம் எண்ணிட்ட எச்சரிக்கையை வெளியிட்டார்கள். நான் இந்தக் கட்டுரையை எழுத முனைந்ததே அந்த எச்சரிக்கையைப் படித்த பிறகுதான்.

ஒரு வட்டுச் சீட்டில் 11 துண்டுகள் வரை சரக்கு கேட்கலாம் என்பது விதி. வீட்டுக்காரர் சீட்டைப் பார்க்கிறார்: துண்டுகள் 3. பதினொன்றைத் தாண்டவில்லை, சரி. பிறகு சரக்கை எடுக்கப் போகும்போது எத்தனை என்று சீட்டை மறுபடியும் பார்க்கிறார். இப்போது சீட்டில் 200! குடித்தனக்காரர் இன்னொரு செயலியில் ஓடிக்கொண்டே நடுவில் எண்ணைத் திருத்திவிட்டார். சீட்டு அவர் கைக்கும் எட்டும் திண்ணையில்தானே கிடக்கிறது? 11 துண்டுகளுக்கு வெட்டிய இடத்தில் 200 துண்டுகள் கொட்டினால், பக்கத்திலுள்ள வீட்டுக்காரரின் சொந்தக் கணக்குகள் அழியும். அப்புறம் வீடு யாருடையது?

இதைவிட விசித்திரமானது வேறு. சில இடங்களில் நிரல் எழுதியவர் சீட்டை ஒரே தடவைதான் பார்த்திருந்தார். அந்த நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், தன் வசதிக்காக அந்த ஒரு பார்வையை இரண்டாக்கிவிட்டது. நினைவகத்தில் உள்ள எண்ணை வேறு யாரும் மாற்றமாட்டார்கள் என்று அது நம்பியது. மூல நிரலை எத்தனை முறை படித்தாலும் அந்தப் பிழை கண்ணில் படாது. எந்திர ஆணைகளாக மாறியபின் உற்று நோக்கினால்தான் தெரியும். திருத்தம் சிறியது. சீட்டை முதலில் தன் அறைக்குள் எடுத்துச் சென்று பிரதி எடு. சோதிப்பதும் செய்வதும் அந்தப் பிரதியை வைத்துத்தான். பிரதி எடுத்தபின் திண்ணைப் பக்கம் திரும்பாதே. சி.பி.-40இன் வீட்டுக்காரரும் ஆணையைத் தானே பிரதியெடுத்துத்தான் வட்டுக்கு அனுப்பினார் என்பது நினைவிருக்கிறதா?

அண்மைக் காலத்தில் சந்தேகம் எதிர்த்திசையிலும் பாயத் தொடங்கியிருக்கிறது. வாடகைக் கணிப்பொறியில் மருத்துவக் குறிப்புகளையும் வங்கிக் கணக்குகளையும் வைப்பவர்கள் வீட்டுக்காரரையே நம்ப விரும்புவதில்லை. ஏ.எம்.டி. 2017இல் வெளியிட்ட எபிக் செயலிகளில் குடித்தனக்காரரின் நினைவகத்தைச் சங்கேதமாக மாற்றி வைக்கும் வசதி வந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. ஆனால் திண்ணை மட்டும் திறந்தே இருந்தாகவேண்டும். எனவே வெளியே போகும் சரக்கை முதலில் திறந்த பக்கத்திற்கு நகலெடுத்து வைக்கிறார்கள். 'முடிந்தது' வளையத்தில் வீட்டுக்காரர் எழுதும் எண்களையும் குடித்தனக்காரர் சந்தேகத்தோடு சோதிக்கவேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாக வீட்டுக்காரர் சொல்லே வேதம் என்று எழுதப்பட்ட லினக்ஸ் நிரல்களை இதற்காக ஒவ்வொன்றாகத் திருத்தி வருகிறார்கள்.

இதற்கிடையே வளையம் தான் புறப்பட்ட இடத்திற்கே திரும்பியிருக்கிறது. 2019இல் வெளிவந்த விர்ட்-ஐ.ஓ. 1.1இல், குழி யார் கையில் இருக்கிறது என்பதைக் குழியிலேயே ஒரு குறியாக எழுதும் முறை சேர்க்கப்பட்டது. பழைய லான்ஸ் சில்லும் ஒவ்வொரு குறிப்பிலும் உரிமையாளர் யார் என்று காட்ட ஒரு பிட் வைத்திருந்தது. இப்போது சில நிறுவனங்கள் விர்ட்-ஐ.ஓ. விதிகளின்படியே நிஜமான வலையமைப்பு அட்டைகளைச் செய்கின்றன. இல்லாத அட்டைக்காக ரஸ்ஸல் எழுதிய விதிகளை உலோகத்தாலான அட்டை கடைப்பிடிக்கிறது. குடித்தனக்காரர் போட்ட சீட்டை அது வீட்டுக்காரரை எழுப்பாமலே நேராக வந்து எடுத்துக்கொள்கிறது.